கலைச்சொல் வேண்டும்: பென் நேம், சூடோனிம், அலையஸ் (வெள்ளிக்குள்)

சரம் (அடையாறு), செவ்வாய் காலை

நண்பர்களுக்கு வணக்கம்.

வாசகர் வட்டங்களுக்கான அந்தத் திறமூலச் செயலியின் தமிழாக்கம் ஏறக்குறைய முடிந்தது. படித்த புத்தகம், பார்த்த சீரியல், பிடித்தது, பிடிக்காதது என்று உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளும் செயலி. வெள்ளி இரவு ஸ்ட்ரிங் ஃப்ரீஸ். அதற்குப் பிறகு வரும் சொல் அடுத்த வெளியீட்டுக்குத்தான் போகும்.

தொண்டையில் நிற்பவை இவை. எழுத்தாளர் பக்கத்தில் பென் நேம், சூடோனிம், அலையஸ் மூன்றும் ஒரே திரையில் வருகின்றன. பென் நேம் பத்தித் தலைப்பு. சூடோனிம் ஒரு டிக் பெட்டி (‘இந்தப் பெயர் சூடோனிமா?’). அலையஸ் என்பதில் ரா.கி. / இரா.கி. மாதிரி எழுத்து வேறுபாடுகளையும் போடச் சொல்கிறார்கள். முன்பு யாரோ மூன்றுக்கும் ‘புனைப்பெயர்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது திரை ‘புனைப்பெயர்: இந்தப் புனைப்பெயர் புனைப்பெயரா?’ என்று கேட்கிறது.

கூடவே ஃபேவரிட்ஸ், விஷ்லிஸ்ட் இரண்டுக்கும் ‘விருப்பப் பட்டியல்’ என்றே இருக்கிறது. ஸ்பாய்லருக்கு ஒன்றுமே இல்லை.

ஒற்றுப்பிழை (மயிலாப்பூர்), செவ்வாய் காலை

சொல்லைத் தேடும் முன் இருக்கும் சொல்லைத் திருத்துங்கள். புனைபெயர். நடுவில் ப் கிடையாது.

புனைந்த பெயர், புனைகிற பெயர், புனையும் பெயர் என்று மூன்று காலத்துக்கும் விரியும். ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்று யாரும் எழுதுவதில்லை. சுடுசோறு, குடிதண்ணீர், எழுதுகோல் எல்லாம் அப்படியே. இதே ‘புனை’யை வைத்துப் ‘புனைகதை’ என்று சரியாக எழுதுகிற கைதான் அடுத்த வரியில் ‘புனைப்பெயர்’ என்று எழுதுகிறது. காரணம் எளிது: பட்டப்பெயர், செல்லப்பெயர், சிறப்புப்பெயர் என்று ‘ப்பெயர்’ காதில் ஊறிப்போய்விட்டது. காது இழுத்த பக்கம் கை போகிறது.

‘புனை’யை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் ப் மிகும் என்று ஒருவர் வாதாடுவார். அப்படியானால் புனைக்கதை என்றும் எழுதட்டும், பிறகு பேசலாம்.

தனித்தமிழ்த் தம்பி (அண்ணா நகர்), செவ்வாய் மாலை

ஐயா, ஒற்று சரி. சொல்லே எனக்கு உறுத்துகிறது. புனை என்றால் இட்டுக்கட்டுவது. ‘புனைசுருட்டு’ என்றால் என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். எழுத்தாளன் தனக்கு வைத்துக்கொண்ட பெயரை ஏன் பொய்க்கணக்கில் எழுத வேண்டும்?

என் பரிந்துரை: பென் நேம் – எழுதுபெயர் (இதுவும் வினைத்தொகைதான், ஐயா மகிழ்க). சூடோனிம் – மறைபெயர். அலையஸ் – மாற்றுப்பெயர். மூன்றும் தனித்தனி, மூன்றும் தூய தமிழ். சூரியநாராயண சாஸ்திரியார் பரிதி, மால், கலைஞர் என்று ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்துப் பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம், வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் மறைமலை ஆனார். அவர்கள் பட்ட பாட்டில் நாம் நூறில் ஒரு பங்காவது படக் கூடாதா?

ஒற்றுப்பிழை (மயிலாப்பூர்), செவ்வாய் இரவு

தம்பி, உங்கள் எடுத்துக்காட்டே உங்கள் காலை வாருகிறது. மறைமலையில் மறை என்றால் வேதம். மறைபெயர் என்று பொத்தான் வைத்தால் பாதிப் பேர் அதை வேதப்பெயர் என்று படிப்பார்கள். தீட்சைப் பெயரை உள்ளிட வேண்டுமாக்கும் என்று நினைப்பார்கள்.

புனை பொய்யும் அல்ல. பூப்புனைதல், மாலை புனைதல் என்றால் தொடுப்பது, அழகு செய்வது. நெடுநல்வாடையில் அரசியைப் ‘புனையா ஓவியம் கடுப்ப’ என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத ஓவியம் போல, அணியெல்லாம் கழற்றி வைத்துவிட்டு இருக்கிறாள். அங்கே புனை என்பது ஒப்பனை. புனைசுருட்டில் பொய்யைக் கொண்டுவருவது சுருட்டுதான், பழி புனைக்கு. புதுமைப்பித்தன் என்ற பெயர் சொ. விருத்தாசலம் பூசிக்கொண்ட வண்ணம். அதற்குப் புனைபெயரைவிடப் பொருத்தமான சொல் எங்கே இருக்கிறது?

பேச்சு சங்கத்துக்கு வந்துவிட்டதால் ஒன்று. செம்புலப்பெயனீரார் (குறுந்தொகை 40), அணிலாடு முன்றிலார் (41), மீனெறி தூண்டிலார் (54), விட்ட குதிரையார் (74), குப்பைக் கோழியார் (305), ஓரேருழவர் (131) – இவை புனைபெயர் ஆகா. அவர்கள் வைத்துக்கொண்டவை அல்ல. இயற்பெயர் கிடைக்காமல் பாட்டின் தொடரையே எடுத்துத் தொகுத்தவர்கள் வைத்தவை. நற்றிணை 284 பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். இருபுறமும் யானை பற்றி இழுக்கும் தேய்ந்த கயிற்றை உவமையாகச் சொன்னதற்காக, மனிதர் பெயரே கயிறாகிவிட்டது. செயலியில் இவர்களைப் புனைபெயர்ப் பெட்டியில் டிக் செய்யக் கூடாது. ‘தொடர்ப்பெயர்’ என்று நான்காவதாக ஒரு பெட்டி கேட்டு வாங்கலாமா?

சரம் (அடையாறு), செவ்வாய் இரவு

ஐயா, மூன்றையே மொழிபெயர்க்க முடியாமல்தான் வந்திருக்கிறேன்.

அட்டவணை (குரோம்பேட்டை), புதன் காலை

நூலக அட்டவணை பக்கத்திலிருந்து சில செய்திகள். சொல் எதுவானாலும் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தபின் பெயர் வைப்பது நல்லது.

நூலகக் கணினிகள் பயன்படுத்தும் மார்க் 21 என்ற பதிவு வடிவத்தில், பெயர்ப் பதிவின் 400 புலம் ‘இந்தப் பெயரைத் தேடினால் அங்கே போ’ என்று அனுப்பும். 500 புலம் ‘இதையும் பார்’ என்று சொல்லும். எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே புனைபெயர் என்றால் 400 போதும். சுஜாதா தலைப்பு, எஸ். ரங்கராஜன் 400. ஒருவரே இரண்டு பெயரில் இரண்டு விதமாக எழுதினால் இரண்டும் தனித்தனித் தலைப்புகள், நடுவில் 500. கவிதைக்குப் பசுவய்யா, உரைநடைக்குச் சுந்தர ராமசாமி. ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் ஸ்ரீரங்கத்து வரலாற்று நாவல் தந்தவர்தான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் குற்றக் கதைகள் எழுதினார். இரண்டையும் ஒரே தலைப்பில் கொட்டினால் பெருமாள் கதை தேடி வந்த பெரியவர் கையில் எது கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இயற்பெயரை மட்டும் நம்பினாலும் சிக்கல். சுஜாதா ரங்கராஜன். கவிஞர் வாலியும் ரங்கராஜன். ரா.கி. ரங்கராஜனும் ரங்கராஜன், அவர் தம் பெயரிலும் எழுதினார், சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, முள்றி, அவிட்டம் என்றும் எழுதினார். சுபா தலைகீழ்: ஒரு பெயர், சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு ஆள். ஞாநியையும் கோவை ஞானியையும் ‘ந/ன’ வேறுபாடு தெரியாமல் ஒன்றாக்கிவிடுகிறவர்கள் உண்டு.

மறைபெயருக்கு என் எதிர்ப்பு வேதத்தால் அல்ல. மறைவு நிலைக்காது. ராபர்ட் கால்பிரெய்த்தின் முதல் நாவல் 2013 ஏப்ரலில் வந்தது, ஜூலையில் அவர் ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் என்று வெளிப்பட்டுவிட்டது. மறைவு மூன்று மாதம். பெயரோ இன்றும் அட்டையில் இருக்கிறது. வெளிப்பட்டதும் பெட்டியின் பெயரே பொய்யாகும்.

இன்னொரு கோளாறு: செயலியில் ‘இயற்பெயர்’ கட்டாயப் புலமாக இருக்கிறது. இத்தாலிய நாவலாசிரியர் எலேனா ஃபெர்ரான்டே தம் இயற்பெயரைச் சொன்னதே இல்லை. கட்டாயம் என்று சிவப்பில் நட்சத்திரம் போட்டால், பதிவு செய்கிறவர் செய்தித்தாள் ஊகத்தை எடுத்து அங்கே ஒட்டுவார். நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லுங்கள். இது மொழிபெயர்ப்பைவிட முக்கியம்.

ஒற்றுப்பிழை (மயிலாப்பூர்), புதன் காலை

‘இயற்பெயர்’ என்பதும் அவ்வளவு எளிதல்ல. தொல்காப்பியப் பெயரியலில் இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் என்று வரிசை. அங்கே இயற்பெயர் என்றால் சாத்தன் மாதிரி, சாத்தன் வந்தான் என்றும் சாத்தன் வந்தது என்றும் ஆளுக்கும் மாட்டுக்கும் பொதுவாக வரும் பெயர். புனைபெயருக்கு எதிர்ச்சொல்லாக அது பிற்காலத்தில்…

நள்ளிரவு நிரலர் (பெரம்பூர்), புதன் நள்ளிரவு

ஐயா, மாட்டுக்குப் புலம் இல்லை. மன்னிக்கவும்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். சொல் தேர்வுக்கு முன் இதையெல்லாம் சரிசெய்யாவிட்டால் எந்தச் சொல்லும் திரையில் நிற்காது.

முதலாவது, நிரப்பிடத்தோடு (பெயர் வந்து உட்காரும் %s) வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். ‘%s-இன் புத்தகங்கள்’ என்று இருப்பதால் ‘சுஜாதா-இன் புத்தகங்கள்’ என்று வருகிறது. சுஜாதாவின், கல்கியின், அசோகமித்திரனின், ஒவ்வொன்றுக்கும் புணர்ச்சி வேறு, நிரலுக்கு நன்னூல் தெரியாது. ‘எழுதியவர்: %s’ என்று பெயரை எழுவாயாகவே கடைசியில் நிறுத்துங்கள்.

இரண்டாவது, ‘%s என்ற பெயரில் எழுதும் %s’ என்ற வரியில் ஆங்கிலத்தில் இயற்பெயர் முதலில், தமிழில் புனைபெயர் முதலில். எண் போடாமல் விட்டால் ‘விருத்தாசலம் என்ற பெயரில் எழுதும் புதுமைப்பித்தன்’ என்றாகும். %2$s முதலில், %1$s பிறகு என்று எண்ணிட்டு மாற்றுங்கள்.

மூன்றாவது, ஃபஸி (சரிபார்க்க வேண்டியது) என்று குறி இருக்கும் வரிகள் தொகுக்கும்போது சேராது, திரையில் ஆங்கிலமே தெரியும். மொழிபெயர்த்தோமே, வரவில்லையே என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். பார்த்துவிட்டுக் குறியை எடுங்கள்.

நான்காவது தேடல். அட்டவணையார் சொன்ன ஸ்ரீவேணுகோபாலனைத் தேடினால் பாதிப் பதிவு அகப்படாது. ஸ் + ரீ என்றும் தட்டலாம், ஶ் + ரீ என்றும் தட்டலாம். ஶ எழுத்து யூனிகோட் 4.1-இல் (2005) வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒரே உருவம், கணினிக்கு வேறு வேறு. ஔவையாரை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியவர்களும் இருக்கிறார்கள். அலையஸ் பெட்டியின் உண்மையான வேலை இதுதான். அதனால் அதற்கு ‘வேறு வடிவங்கள்’ என்று பெயர் வையுங்கள். மாற்றுப்பெயர் வேண்டாம், மாற்றிக்கொண்ட பெயர் என்று கெஜட் அறிவிப்பு நினைவுக்கு வருகிறது.

அட்டவணை (குரோம்பேட்டை), வியாழன் காலை

விருப்பப் பட்டியல் குழப்பத்துக்கு: விருப்பம் என்ற சொல்லே பிடித்தலுக்கும் வேண்டுதலுக்கும் பொது. ஃபேவரிட்ஸுக்குப் ‘பிடித்தவை’, விஷ்லிஸ்டுக்கு ‘படிக்க வேண்டியவை / பார்க்க வேண்டியவை’. விருப்பம் என்ற சொல்லையே இரண்டிலிருந்தும் எடுத்துவிடலாம்.

‘தொடர்’ என்ற சொல்லிலும் இதே கதை. ‘தி எக்ஸ்பான்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்பது டேனியல் ஏப்ரஹாம், டை ஃபிராங்க் இருவரின் கூட்டுப் புனைபெயர், நம் சுபா மாதிரி. 9 நாவல், தொடர். 6 சீசன் டிவி, அதுவும் தொடர். பக்கத்தில் ‘தொடர்: 9, தொடர்: 6, பின்தொடர்க’ என்று நிற்கிறது. வார இதழ்த் தொடர்கதை தனி. ‘நாவல் வரிசை’, ‘டிவி தொடர்’ என்று பிரியுங்கள்.

தனித்தமிழ்த் தம்பி (அண்ணா நகர்), வியாழன் காலை

டிவி என்றே எழுதப் போகிறோமா? தொலைக்காட்சி என்ன பாவம் செய்தது?

ஸ்பாய்லருக்கு: முடிச்சவிழ்ப்பு. கதையின் முடிச்சை அவிழ்த்துவிடுவதால்.

அட்டவணை (குரோம்பேட்டை), வியாழன் மதியம்

தம்பி, ‘முடிச்சவிழ்ப்பு செய்தவர்: இன்னார்’ என்று வந்தால், அவரை முடிச்சவிக்கி என்று செயலியே திட்டுகிற மாதிரி இருக்கும். பிராட்வே பஸ்ஸில் இந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், எல்லாரும் பையைத் தடவிப் பார்ப்பார்கள்.

நள்ளிரவு நிரலர் (பெரம்பூர்), வியாழன் இரவு

‘தொலைக்காட்சித் தொடர்’ கைப்பேசியில் மூன்று தாவலுள்ள வரிசையில் ‘தொலைக்காட்…’ என்று முடிகிறது. டிவி முழுசாகத் தெரிகிறது.

ஸ்பாய்லருக்குப் பெயர்ச்சொல்லே தேவையில்லை. அது மங்கலான பத்தியின் மேல் வரும் எச்சரிக்கை. ‘கதை முடிவு இதில் உள்ளது’, கீழே ‘காட்டு’. கதைக்கசிவு என்று வைத்தால் வினாத்தாள் கசிவு மாதிரி விசாரணைக் கமிஷன் வாடை.

சரம் (அடையாறு), வெள்ளி மாலை

வாக்குகளை எண்ணினேன். வாக்களித்தவர்களைவிட வாக்களிக்கும் முறையைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். ஏற்றப்போவது:

பென் நேம், சூடோனிம் இரண்டுக்கும் புனைபெயர்தான். டிக் பெட்டியை மட்டும் ‘ஆசிரியர் தாமே வைத்துக்கொண்ட பெயர்’ என்று விரித்து எழுதுகிறேன். சங்கப் புலவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள், நான்காவது பெட்டி வேண்டாம். அலையஸ் – வேறு வடிவங்கள். பிடித்தவை, படிக்க வேண்டியவை, நாவல் வரிசை, டிவி தொடர், ‘கதை முடிவு இதில் உள்ளது’. இயற்பெயரின் நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லித் தனியாக வழு பதிந்தாயிற்று.

தனித்தமிழ்த் தம்பி (அண்ணா நகர்), வெள்ளி மாலை

‘டிவி’க்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். எழுதுபெயரை அடுத்த வெளியீட்டில் மீண்டும் எடுப்பேன்.

ஒற்றுப்பிழை (மயிலாப்பூர்), வெள்ளி இரவு

புனைபெயருக்கு நன்றி. தேடலில் ‘புனைப்பெயர்’ என்று தட்டுகிறவர்களுக்கும் விடை வர வேண்டும் என்று நிரலர் கேட்டார், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒரே ஒரு ஐயம். நிரலர் சொன்ன ‘எழுதியவர்: %s’ சுபாவுக்கு எப்படிப் பொருந்தும்? இருவர் அல்லவா? எழுதியவர்கள் என்றால் புதுமைப்பித்தனுக்குப் பொருந்தாது. எழுதியோர் என்றால் ஒருவருக்கு ஆகாது. ‘எழுத்து’ என்று போட்டால் சினிமா டைட்டில் ஆகிவிடும்.

நள்ளிரவு நிரலர் (பெரம்பூர்), வெள்ளி 11:52

ஐயா, எட்டு நிமிடம் இருக்கிறது. ‘ஆசிரியர்’ என்று போட்டு ஏற்றுகிறேன்.

ஒற்றுப்பிழை (மயிலாப்பூர்), சனி காலை

ஆசிரியர் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா?