கொரோனா ஊரடங்கில் இரவுத் தூக்கம் போய்விட்டது, என்ன செய்யலாம்?

ஹட்டன் பையன்:
கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வேலை. கொட்டாஞ்சேனையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு வாடகை அறை. 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு ஊரடங்கு போட்டதும் ஊருக்குப் போகமுடியாமல் மாட்டிக்கொண்டோம். முதலாளி பாதிச் சம்பளம் தந்தார், அடுத்த மாதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இரவில் பாயில் சாய்ந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஏப்ரலில் வாழைத்தோட்டம் பண்டாரநாயக்க மாவத்தை ஆட்களைத் தனிமைப்படுத்த ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து, பக்கத்து அறையில் யாராவது இருமினாலே எழுந்து உட்காருகிறேன். விடியற்காலை நான்கு மணிபோல் கண் அசரும், எழும்ப நடுப்பகல் ஆகிவிடும். அப்புறம் போன், பிளேன்டீ, மறுபடி பாய். அம்மா போனில் முதலில் கேட்பதே "நல்லா தூங்குறியாப்பா?" என்றுதான். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

இது மனநோயா? அறையில் ஒருவர் தூக்க மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார்.

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, வைத்தியர் பார்த்துத் தராத நித்திரைக் குளிசையைத் தொடவே வேண்டாம். தாதியாக வேலை செய்தவள், அதனால் வற்புறுத்திச் சொல்கிறேன்.

வேலை போய்விடுமோ, வருத்தம் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் உடம்பு உஷாராகவே இருக்கிறது. அதை மட்டும் வைத்து மனநோய் என்று சொல்லமுடியாது. ஆனால் நடுப்பகல் வரை படுத்தால் இரவில் நித்திரை எங்கிருந்து வரும்? வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்குப் பசிக்குமா? எத்தனை மணிக்குக் கண் அயர்ந்தாலும் காலை ஏழுக்கு எழும்புங்கோ. மொட்டைமாடியிலோ வாசலிலோ அரை மணித்தியாலம் வெளிச்சத்தில் நில்லுங்கோ. கண்ணில் படும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை இரவு பகலைக் கணக்குப் போடுகிறது.

எழும்பியதும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுங்கோ, இரவு வரை விரிக்கவேண்டாம். படுத்து இருபது நிமிடமாகியும் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறு இடத்தில் இருங்கோ, கண் சொக்கும்போது திரும்பப் படுக்கலாம். பிளேன்டீ மத்தியானத்தோடு சரி. குடித்து ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகும், அதில் நித்திரையை விரட்டும் கஃபீனில் கிட்டத்தட்டப் பாதி உடம்பில் நிற்கும்.

மட்டக்குளி வாசி:
அக்கா சொன்னதோடு ஒன்று. இரவில் தொற்று எண்ணிக்கை பார்ப்பதையும் வாட்ஸ்அப் குரல் பதிவு கேட்பதையும் நிறுத்துங்கள். எனக்குப் படபடப்பு குறைந்ததே அதற்குப் பிறகுதான். அம்மாவிடமும் உள்ளதைச் சொல்லுங்கள், அவர் குரலிலேயே கண்டுபிடித்திருப்பார்.

தாங்கமுடியாமல் போனால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

ஹட்டன் பையன்:
நன்றி அக்கா, அண்ணா. அப்படி எண்ணம் எதுவும் இல்லை. இன்று ஏழுக்கே எழுந்துவிட்டேன், ஆனால் இப்போதே கண் எரிகிறது. மத்தியானம் கொஞ்சம் படுக்கலாமா?

வெள்ளவத்தை அக்கா:
முதல் கிழமை அப்படித்தான் இருக்கும் தம்பி, படுக்காதீர்கள். முகத்தைக் கழுவிவிட்டு அம்மாவுக்குப் போன் எடுங்கோ. இரண்டு மூன்று கிழமையிலும் மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.