செக்பாயிண்ட்: ‘சோதனைச்சாவடி’ வேண்டாம், ‘மீளிடம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

வீடியோ கேம் சொற்பட்டியலில் செக்பாயிண்டுக்கு, அதாவது ஆட்டத்தில் செத்தால் முதலிலிருந்து இல்லாமல் நடுவிலிருந்து தொடர விடும் இடத்துக்கு, இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சோதனைச்சாவடி, சேமிப்புப் புள்ளி, காப்பிடம். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்வதற்குப் பழைய ஆட்டங்களையும் இப்போது ஆடிக்கொண்டிருப்பவற்றையும் இழுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோதனைச்சாவடியை முதலில் தள்ளிவிடலாம். அங்கே வண்டியை ஓரங்கட்டச் சொல்லி ஆர்.சி. புக் கேட்பார்கள். ஆட்டத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. 1986இல் வந்த அவுட் ரன் மாதிரி கார் ஆட்டங்களில் மட்டும் ஓரளவு பொருந்தலாம். நேரம் தீர்வதற்குள் ஓர் எல்லையைத் தாண்டினால் மேலும் சில நொடிகள் தருவார்கள். அது வேறு பொருள், தனிப் பதிவாகப் போகட்டும்.

‘சேமிப்புப் புள்ளி’க்குத்தான் ஆதரவு அதிகம். ஆனால் சேமிப்பது ஒரு வேலை, செத்தபின் எங்கிருந்து தொடர்வது என்பது இன்னொரு வேலை. 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் எதையுமே சேமிக்காது. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஆனாலும் ஆட்டத்தின் ஒரு கட்டத்தை (லெவலை) ஆடும்போது பாதித் தூரம் கடந்தபின் செத்தால் நடுவிலிருந்து விடும். கோட்டைக் கட்டங்களிலும் 8ஆம் உலகத்திலும் அந்தச் சலுகை கிடையாது. அந்த நடு இடத்துக்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லாததால், நம் ஊரில் கேசட் போட்டு ஆடிய பலர் அப்படி ஒன்று இருப்பதையே கவனித்திருக்க மாட்டார்கள். 1991இல் சோனிக் வந்தபோது அதற்கு ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அதுவும் எதையும் சேமிக்கவில்லை.

இதற்கு நேர்மாறு ரெசிடென்ட் ஈவில் (1996). தட்டச்சுப் பொறி இருக்கும் இடத்தில்தான் பதிய முடியும், அதற்கும் கையில் மை ரிப்பன் இருக்க வேண்டும். செத்தால் பழைய பதிவைத் திறந்துகொள்ள வேண்டியதுதான். அந்தத் தட்டச்சுப் பொறிக்குச் ‘சேமிப்பிடம்’ என்ற பெயர் கச்சிதம். வைஸ் சிட்டி ஆட்டத்தில் சேமிப்பதற்காக வீட்டுக்குள் சுழலும் கேசட்டுக்கும் அதுவே போதும்.

அப்புறம் ஐ.ஜி.ஐ. என்ற துப்பாக்கி ஆட்டம். பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2000இல் வந்த அந்த ஆட்டத்தில் ஒரு மிஷனுக்கு நடுவே சேமிக்கவும் முடியாது, நடுவிலிருந்து தொடரவும் முடியாது. முள்வேலி, கேமரா, அலாரம் எல்லாவற்றையும் தாண்டி வாசல் வரை வந்து, கோபுரத்தில் நிற்பவனை மறந்துவிட்டால் முதலிலிருந்து. அதனால்தான் அதில் அவ்வளவு பதற்றம் என்று இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். கடைசி 2 நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. அதற்கு முந்தைய 20 நிமிடம் மனப்பாடமாக ஓடியதும் உண்மை. 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில், மிஷனுக்கு இத்தனை முறைதான் என்று கணக்கு வைத்துச் சேமிக்க விட்டார்கள். என் ரசனைக்கு அதுதான் சரியான கணக்கு.

இனி டார்க் சோல்ஸ் (2011). ‘சேமிப்புப் புள்ளி’ என்ற பெயர் முழுதாக உடைவது இங்கேதான். ஆட்டம் நொடிக்கு நொடி தானாகவே பதிந்துகொண்டிருக்கும், நாம் கேட்காமலே. ஆனால் செத்தால் கடைசியாக அமர்ந்த தீமூட்டத்தில்தான் எழுவோம். சேர்த்த ஆன்மாக்கள் (ஆட்டத்தின் காசு) செத்த இடத்திலேயே கிடக்கும். எல்டன் ரிங்கில் (2022) இன்னும் தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். அருள் தலம் என்ற இளைப்பாறும் இடத்தில் அமரலாம், மருந்துக் குடுவை நிரப்பலாம், மட்டம் ஏறலாம் (லெவல் அப்). மரிகாவின் கம்பம் என்று இன்னொன்று உண்டு, அதில் இதெல்லாம் கிடையாது. பக்கத்தில் செத்தால் அங்கே எழலாம், அவ்வளவுதான். அந்தக் கம்பத்தை எப்படிச் சேமிப்புப் புள்ளி என்பது?

‘காப்பிடம்’ அழகான சொல். தாயக்கட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாதே, அந்த நினைவில்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரமாக இருப்பதும் தொடர்வதும் ஒன்றா? 2025இல் வந்த ஹாலோ நைட் சில்க்சாங்கில் செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான் எழுவோம். வேட்டைக்காரப் பகுதியில் அப்படி ஒரு பெஞ்சு இருக்கிறது. அப்பாடா என்று உட்கார்ந்தால் மேலே பொறி பாயும். காசு போட்டால்தான் விரியும் பெஞ்சுகளும் உண்டு. அவற்றைக் ‘காப்பிடம்’ என்று எழுதினால் ஆடியவர்கள் சிரிப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: மீளிடம். வாழிடம் போலவே அமைந்த சொல், உருபு ஏற்கவும் தகராறு செய்யாது: மீளிடத்தில், மீளிடத்துக்கு, மீளிடங்கள். மாரியோவின் கண்ணுக்குத் தெரியாத நடுவிடம், சோனிக்கின் கம்பம், தீமூட்டம், பெஞ்சு எல்லாம் இதற்குள் வரும். அறைக்கு அறை புதிதாகத் தொடங்கும் செலஸ்டுக்கும் (2018) இடறாது. வாயில் வருமா என்று சொல்லிப் பார்த்தேன்: “அடுத்த மீளிடம் வரைக்கும் போயிட்டு வர்றேன், சாப்பாடு எடுத்து வை.” வருகிறது. செத்து எழுவதற்கு ‘மீண்டெழு’ இருக்கவே இருக்கிறது.

பட்டியலில் பழைய ஆட்டங்களின் பாஸ்வேர்டுக்குக் ‘கடவுச்சொல்’ என்று போட்டிருப்பதையும் மாற்ற வேண்டும். மெட்ராய்ட் என்ற பழைய ஆட்டத்தின் ஜப்பானிய வட்டுப் பதிப்பு வட்டிலேயே சேமித்தது. கேசட்டாக அமெரிக்கா போனபோது அந்த வசதி இல்லை. அதனால் 24 எழுத்துகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் காக்கப்படும் இரகசியம் எதுவுமில்லை. எந்தக் கருவிகள் கையில் இருக்கின்றன, எவ்வளவு தூரம் வந்தோம் என்பதுதான் அந்த எழுத்துகளுக்குள் அடங்கியிருக்கிறது. 1986இன் டிராகன் குவெஸ்டில் ஜப்பானியர்கள் இதையே ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’ என்றார்கள். நமக்கு அவ்வளவு கவிதை வேண்டாம், ‘நிலைக்குறி’ போதும். எமுலேட்டரில் (பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) நினைத்த நொடியில் உறையவைக்கும் வசதிக்கு ‘நிலைப்பதிவு’ என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

எந்திரக் கற்றல் பட்டியலைத் தொகுப்பவர்கள் தங்களுக்கும் மீளிடம் ஆகுமா என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் செக்பாயிண்ட் என்று சொல்வது பயிற்சியின் நடுவே நிலையைச் சேமிக்கும் ஒரு கோப்பு, இடம் அல்ல. ‘மீள்பதிவு’ பாருங்கள்.

அவுட் ரன் வகைக்கு, கெடு முடியுமுன் தாண்ட வேண்டிய கோடு என்ற பொருளில், இப்போதைக்குக் ‘கெடுக்கோடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். காதுக்கு இனிமையாக இல்லை. ரேஸ் கேம் ஆடுபவர்கள் யாராவது நல்லதாக ஒன்று தந்தால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலைப் பூட்டுவதற்கு முன் மாற்றிவிடலாம்.