வடக்குத் தெரு சபைக் குடும்பம் – வாட்ஸ்அப் குழு, 2020 ஜூலை 4, சனி

எஸ்தர் மதினி (காலை 6.05): ரத்தினம் பெரியம்மா விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள். தூக்கத்திலேயே. நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

பொன்மலர் அக்கா: ஐயோ பெரியம்மா

தாஸ் மாமா: நேற்று ராத்திரிகூட ஜன்னலில் நின்று என்னிடம் பேசினார்களே. எத்தனை மணிக்கு?

எஸ்தர் மதினி: 5.20 இருக்கும். காபி கொண்டுபோனேன். கை சில்லென்று இருந்தது.

சாம்: அண்ணனுக்குச் சொல்லியாச்சா?

எஸ்தர் மதினி: ராஜனுக்குப் போன் போட்டேன். அழுகிறான். கோயம்புத்தூரிலிருந்து மாவட்டம் தாண்டி வர இ-பாஸ் அனுமதி இல்லாமல் எப்படி வருவான்?

லில்லி சித்தி: தெருவில் ஆம்புலன்ஸ் வந்ததாமே. அதுவா? காய்ச்சல் இருந்ததா?

பொன்மலர் அக்கா: இல்லை சித்தி. ஆம்புலன்ஸ் வேறு வீட்டுக்கு. பெரியம்மாவுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. டாக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் எழுதிவிட்டார். வயது 84, இருதயம்தான். தயவுசெய்து யாரும் கொரோனா என்ற அந்த வார்த்தையைப் பரப்பாதீர்கள். அப்புறம் பெட்டியைத் தூக்கக்கூட ஆள் வரமாட்டார்கள்.

லில்லி சித்தி: சரிம்மா. கேட்டேன், அவ்வளவுதான்.

ஜெபமணி சார் (6.40): சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். துக்கத்தில் யாரும் அவசரப்பட்டுக் கிளம்பிவிட வேண்டாம். விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 24-இல் தொடங்கிய முழு ஊரடங்கை நம் மதுரை மாநகராட்சிக்கும் பரவைக்கும் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் ஜூலை 5 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதுபோக ஜூலையின் எல்லா ஞாயிறும் தமிழ்நாடு முழுக்கத் தளர்வே இல்லாத ஊரடங்கு. ஆகவே நாளை வைத்தால் சிரமம். திங்கள் வரை வைப்பதும் சரியில்லை. இன்றே அடக்கம் செய்ய வேண்டும். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது. போதகர் ஐயா, பெட்டி தூக்குகிறவர்கள், குழி வெட்டுகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் அந்த 20. மளிகைக் கடை 2 மணி வரைதான். ஆகவே தேவையானதை அதற்குள் வாங்கிவிடவும். ராஜன் இ-பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது காரணம் என்ற இடத்தில் இறப்பு என்று போட வேண்டும். ஆதார், வண்டி எண், டாக்டர் சான்றிதழ் மூன்றும் தெளிவாகப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். மங்கலாக இருந்தால் தள்ளிவிடுவார்கள்.

சாம்: சார், சான்றிதழ் நான் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜெபமணி சார்: நல்லது. ஆனால் நேராக மேலிருந்து எடுத்தாயா?

சாம்: ஆமாம் சார்.

கிரேஸ் டீச்சர்: தொற்று என்று எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்திருக்கிறார்கள். நான் வர முடியாது. பெரியம்மாதான் எனக்கு ஞாயிறு பள்ளியில் முதல் பாட்டு கற்றுக்கொடுத்தவர்கள்.

எஸ்தர் மதினி: டீச்சர், உங்கள் வீட்டுச் சார் எப்படி இருக்கிறார்?

கிரேஸ் டீச்சர்: ஆக்சிஜன் எடுத்துவிட்டார்களாம். சாப்பிடுகிறார். ஜெபியுங்கள்.

லில்லி சித்தி: இன்று டீச்சர் வீட்டுக்குச் சாப்பாடு என் முறை. பாத்திரம் வேண்டாம் என்பதால் வாழையிலைப் பொட்டலமாகக் கட்டித் தகரத்துக்கு மேலே கயிற்றில் இறக்குகிறேன். துக்க வீட்டுக்கும் நானே சமைக்கட்டுமா?

எஸ்தர் மதினி: பக்கத்து வீட்டு மீனாட்சி அம்மா ஏற்கெனவே பொங்கலும் காபியும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டார்கள். "அழகரே ஆற்றில் இறங்காத வருஷம், நீங்கள் எல்லாரும் வர முடியாததை நினைத்து வருந்தாதீர்கள்" என்றார்கள். அழுதுவிட்டேன்.

செல்வராஜ் அண்ணன் (7.30): யார் யார் அந்த இருபது?

தாஸ் மாமா: குடும்பமே 11 பேர். ராஜன் வந்தால், மருமகளோடு 13.

செல்வராஜ் அண்ணன்: பாடகர் குழுவிலிருந்து?

தாஸ் மாமா: ஒருவர் போதும்.

செல்வராஜ் அண்ணன்: அந்த ஒருவர் நீங்களா?

எஸ்தர் மதினி: இன்றைக்கு வேண்டாம். இரண்டு பேரும் கேளுங்கள். பெரியம்மா போன மாதமே என்னிடம் சொன்னார்கள். "என் அடக்கத்தில் செல்வராஜும் தாஸும் ஒன்றாய் நின்று எனக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடணும், அந்த ஆர்மோனியச் சண்டையைக் குழியிலே போடணும்." இதே வார்த்தை.

(நீண்ட நேரம் யாரும் எழுதவில்லை.)

தாஸ் மாமா: மேல் ஸ்தாயி செல்வராஜுக்குத்தான் வரும். அவர் வரட்டும்.

செல்வராஜ் அண்ணன்: சரி.

ஐயா (8.15): பிள்ளைகளே, கர்த்தருடைய சமாதானம். மார்ச் 15-க்குப் பிறகு நாம் ஒன்றாகக் கூடவில்லை. நாளை வந்தால் 16-ஆவது ஞாயிறு. பெரியம்மா திருவிருந்து இல்லாமல் போய்விடுவேனோ என்று கவலைப்பட்டதால் ஜூன் 20 மாலை வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சேலை கட்டி, சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டு, முக்காலியில் சின்ன வெள்ளித் தட்டை வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றார்கள். அப்பத்தை நான் தட்டில் வைத்துப் பின்னால் போனதும் வந்து எடுத்தார்கள். விரல் நடுங்கியது. "ஐயா, ஆலயத்தில் முழங்காலில் நின்று வாங்குவேன், இப்போது எழுந்திருக்க முடியாது, நின்றே வாங்கிக்கொள்கிறேன்" என்றார்கள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மாலை 4 மணிக்கு ஆரம்பிப்போம்.

ஜெபமணி சார்: ஐயா, ராஜனுக்காக 5.30 வரை காத்திருக்கலாமா? கோயம்புத்தூரிலிருந்து ஐந்து மணி நேரமாவது ஆகும். வழியில் சோதனைச் சாவடிகள் வேறு. இருட்டுவதற்குள் குழிமேடு வரை முடிக்க வேண்டும். ஆனால் பாஸே இன்னும் வரவில்லை.

ஐயா: பாஸ் வந்ததும் முடிவு செய்வோம்.

சாம்: குழி வெட்டுகிற அண்ணன் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் மாட்டிக்கொண்டார். நானும் ஜோயலும் வெட்டுகிறோம். பெரியப்பா கல்லறைக்குப் பக்கத்தில்தானே? வேப்பமரத்து வேர் இருக்குமே.

தாஸ் மாமா: கடப்பாரை என் வீட்டில் இருக்கிறது. வேரை வெட்டாமல் ஓர் அடி கிழக்கே தள்ளி வெட்டு. பெரியப்பா நட்ட மரம் அது.

பொன்மலர் அக்கா: கபசுரக் குடிநீர் எல்லாரும் குடித்துவிட்டு வாருங்கள். மாஸ்க்கைப் பாடும்போதும் இறக்காதீர்கள். பாடும்போதுதான் எச்சில் அதிகம் தெறிக்கும்.

செல்வராஜ் அண்ணன்: மாஸ்க் போட்டு எப்படி மேல் ஸ்தாயி?

பொன்மலர் அக்கா: போட்டுக்கொண்டுதான் பாட வேண்டும் அண்ணே.

லில்லி சித்தி: நான் பாடக்கூட வர முடியாதே. சின்ன வயசிலிருந்து அவங்க பக்கத்தில்தான் உட்கார்வேன்.

ஐயா: ஒன்று செய்யலாம். பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யோசேப்பு தாத்தா மணியடிக்கட்டும். அப்போது அவரவர் வாசலிலேயே நின்று அதே கீர்த்தனையைப் பாடுங்கள். தெருவில் இறங்க வேண்டாம். பெட்டி உங்கள் வாசலைக் கடந்துதான் போகும்.

எஸ்தர் மதினி: ஐயா, அது போதும்.

ஜெபமணி சார்: மணியைக் கேட்டால் தெருவே கூடிவிடும் அபாயம் உண்டு. நான் காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொல்லிவைக்கிறேன். எழுதிக் கேட்டால் யோசிப்பார்கள்.

லில்லி சித்தி: பூ? பூக்கடை இல்லையே.

கிரேஸ் டீச்சர்: எங்கள் வீட்டு மல்லிகை கம்பி வழியாக வெளியே படர்ந்திருக்கிறது. கம்பியைத் தொடாமல் பறித்துக்கொள்ளச் சாமிடம் சொல்லுங்கள். எங்களுக்காக அதையாவது வைக்க வேண்டும்.

பொன்மலர் அக்கா: வெளிப்பக்கம் இருப்பதைப் பறிக்கலாம் டீச்சர். சாம், கை கழுவிக்கொள்.

தாஸ் மாமா: பெரியம்மா வீட்டு நந்தியாவட்டையும் பூத்திருக்கிறது.

ராஜன் (காலை 11.10): பாஸ் வந்துவிட்டது. கிளம்பிவிட்டேன். அம்மாவை மூடிவிடாதீர்கள்.

எஸ்தர் மதினி: வா தம்பி. மெதுவாக ஓட்டு.

ஜெபமணி சார்: ராஜன், ஊருக்குள் வந்தபின் சுகாதாரத் துறையினர் பரிசோதனை கேட்பார்கள். முடிவு வரும்வரை எங்கே தங்குவாய் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

தாஸ் மாமா: என் மாடி காலி. அங்கே இருக்கட்டும்.

ஜெபமணி சார்: அதற்கு அனுமதி வாங்க வேண்டுமா என்று விசாரிக்கிறேன்.

சாம் (மாலை 5.50): அண்ணன் வந்துவிட்டார். கிளம்புகிறோம்.

(5.55 முதல் குரல் பதிவுகள் பல. ஒவ்வொன்றிலும் மணியும் யாரோ ஒருவர் வீட்டு வாசலிலிருந்து பாட்டும்.)

கிரேஸ் டீச்சர் (6.20): தகரத்துக்கு மேலே பெட்டியின் மேல்பகுதி மட்டும் தெரிந்தது. மல்லிகை இருந்தது. பாடினேன்.

லில்லி சித்தி: செல்வராஜ் குரலும் தாஸ் குரலும் சேர்ந்து கேட்டது. எத்தனை வருஷம்!

எஸ்தர் மதினி (8.30): வீட்டுக்கு வந்துவிட்டோம். ராஜன் படுத்திருக்கிறான்.

ஐயா: நாளை 9 மணி ஆராதனையை வழக்கம்போல் போனில் வைப்போம். பிறகு ஆறுதல் ஜெபம்.

சாம்: நாளை யார் வேதம் வாசிப்பது?

பொன்மலர் அக்கா: பெரியம்மா முறைதான் நாளைக்கு.

சாம்: ராஜன் அண்ணனைக் கேட்கிறேன்.

எஸ்தர் மதினி: கேட்காதே, தூங்கட்டும். காலையில் பார்க்கலாம்.

லில்லி சித்தி: நாளைக் காலை டீச்சர் வீட்டுக்கு இட்லி நான். சட்னி யார்?