புதுப்பிப்பு: காய் தொடாத மகன் இப்போது

பத்தாவது படிக்கும் மகன் உருளைக்கிழங்கைத் தவிர எந்தக் காயையும் தொடுவதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.

அரிசியும் பருப்பும் சாதத்தில் பீன்ஸையும் கேரட்டையும் பொடியாக நறுக்கி மறைத்துப் போடும் யோசனை மட்டும் பலிக்கவில்லை. ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிட்டான்.

பலித்தது உழவர் சந்தை. ஈரோடு சம்பத் நகர் சந்தைக்கு அவனையே அனுப்பி, பிடித்ததை வாங்கி வரச் சொன்னேன். நுனியை ஒடித்துப் பார்த்துப் பிஞ்சு வெண்டைக்காயாக வாங்கி வந்தான். அப்புறம்தான் புரிந்தது, அவனுக்கு ஆகாதது ருசி இல்லை, கொழகொழப்பு. கழுவி, ஈரம் போகத் துடைத்து நறுக்கி, இரும்புச் சட்டியில் மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுகிறேன். மொறுமொறுவென்று வருகிறது, சட்டியிலேயே பாதி காலி!

10 வயதுக்கு மேல் தினமும் 400 கிராமாவது காய்கனி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. சரி, அவசரமில்லை. பீர்க்கங்காய்க்கு நல்ல பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.