கரட்டுத்தோட்டத்துக் குடும்பம்

ராசு சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். விக்னேஷும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் பனியன் கம்பெனிகளுக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். முதல் ஆர்டர் வந்துவிட்டது. அதை எழுதவே இன்டெல்லிஜே அல்டிமேட் என்று ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமாம். ஆளுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல், அதுவும் வருடா வருடம். கார்த்தி, நிஜம்தானா?

செல்வி அத்தை: ஆர்டர் வந்ததையே இப்போதுதான் சொல்கிறாயா

விக்னேஷ்: அப்பா இதை ஏன் இங்கே போட்டீங்க

பெரியப்பா: கேட்டால் என்ன தப்பு? ஸ்டுடியோ வைக்கிறேன் என்று வாங்கிய கேமரா பரணில் கிடக்கிறது. அப்போதும் யாரையும் கேட்கவில்லை.

ராசு சித்தப்பா: அண்ணா, அது நான் வாங்கியது. இவனை விடுங்கள்.

மணி மாமா: எங்கள் கடைவீதியில் ஒரு பையன் பென்டிரைவில் எல்லாம் ஏற்றித் தருவான். 300 ரூபாய்.

விக்னேஷ்: வேண்டாம் மாமா. வாங்குகிறவர் லைசென்ஸ் இருக்கா என்று கேட்கிறார்.

மணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வேன் எத்தனை மணிக்கு?

கார்த்தி: சித்தப்பா, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இவன் காலேஜில் வைத்திருந்தது, இன்டெல்லிஜேவை விற்கிற ஜெட்பிரெயின்ஸ் கம்பெனியின் மாணவர் லைசென்ஸ். அது படிப்புக்கு மட்டும்தான், காசு வாங்கிச் செய்கிற வேலைக்குத் தொடக்கூடாது. ஆனால் உடனே பணம் கட்டியாக வேண்டும் என்றும் இல்லை. கோடு, அதாவது புரோகிராம், எழுதுகிற எடிட்டர் மைக்ரோசாஃப்டிலும் உண்டு. அவர்களுடைய விஎஸ் கோட் தொழிலுக்கும் இலவசம். அதே வேலைக்கான அவர்களுடைய விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியை சின்ன நிறுவனத்தில் ஐந்து பேர் வரை சும்மா வைத்துக்கொள்ளலாம். 250 கம்ப்யூட்டருக்கு மேல் இருந்தாலோ, வருட வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினாலோதான் அது கிடையாது.

செல்வி அத்தை: 10 லட்சம் டாலர் வந்தால் நானே வாங்கித் தருகிறேன் 😄

பெரியப்பா: இன்றைக்குச் சும்மா கொடுப்பவன் நாளைக்குக் காசு கேட்டால்?

கார்த்தி: கேட்பார்கள் அப்பா. புரோகிராம் எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் டாக்கர் டெஸ்க்டாப் என்ற சாஃப்ட்வேர் எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. 2021இல் பெரிய கம்பெனிகளுக்குக் கட்டணம் வைத்தார்கள். லினக்ஸ் எழுதுகிறவர்களும் கோடைச் சேர்த்து வைக்கிற பிட்கீப்பர் என்பதை ஓசியில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2005இல் அந்தக் கம்பெனி இலவசத்தை நிறுத்தியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து கிட் என்று புதிதாக ஒன்றை எழுதிவிட்டார். விக்னேஷ் கோடு சேர்த்து வைப்பதும் அதில்தான். கோடு நம் கையில் இருந்தால் எடிட்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மணி மாமா: பாதி படித்தேன். மீதி ராத்திரி.

விக்னேஷ்: அண்ணா, விஎஸ் கோடும் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி கணக்குக்கு குவெரி, அதாவது டேட்டாபேஸில் கேட்கிற கேள்வி, எழுதும்போது அங்கே டேபிளில் இல்லாத பெயரைப் போட்டால் இன்டெல்லிஜே அல்டிமேட் அங்கேயே காட்டிக்கொடுக்கும். விஎஸ் கோடில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. நேற்று ஒரு எழுத்துக்காக ராத்திரி இரண்டு மணி.

கார்த்தி: அது கட்டுவதற்கு நியாயமான காரணம். ஆனால் மூன்று பேருக்கும் எதற்கு? கணக்குப் பகுதி எழுதுகிறவனுக்கு ஒன்று போதும். 12 மாதம் விடாமல் கட்டிவிட்டால், அப்புறம் நிறுத்தினாலும் அந்தப் பழைய வெர்ஷன் கையில் இருக்கும். இன்னொன்று, தனி ஆள் பெயரில் எடுத்தால் அவன் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும், கம்பெனி திருப்பித் தரக்கூடாது. கம்பெனி பெயரில் என்றால் விலை கூடும்.

பெரியப்பா: முதலில் யார் பெயரில் என்று முடிவு செய்யுங்கள். கிணற்றுப் பங்கில் பட்டது போதும்.

ராசு சித்தப்பா: அண்ணா கிணறு இங்கே எங்கே வந்தது

செல்வி அத்தை: வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்

விக்னேஷ்: சரிண்ணா, எனக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்துப் பார்க்கிறேன். மாதக் கட்டணமும் இருக்கிறது.

கார்த்தி: மாதக் கணக்கில் கட்டினால் கூட வரும். முதலில் 30 நாள் இலவசமாக ஓட்டிப் பார்.

விக்னேஷ்: அது காலேஜிலேயே முடிந்துவிட்டது 😬

ராசு சித்தப்பா: ஆக மொத்தம் நான் பணம் போடணுமா வேண்டாமா?

கார்த்தி: கூப்பிடுகிறேன் சித்தப்பா. மீட்டிங்.

மணி மாமா: வேன் ஆறு மணிக்கு. ஏசி போட்டால் தனி ரேட் என்கிறார் டிரைவர்.

செல்வி அத்தை: போடச் சொல்லுங்கள். கர்ப்பிணிப் பெண் வருகிறாள்.

பெரியப்பா: யார் கொடுப்பது?