எங்கட சொந்தம் குறூப்: மாமி வீட்டு ஹாட் டிஸ்க்

மாமி: தம்பி வாசன் நிக்கிறியே, பழைய கொம்பியூட்டர்ல டி டிரைவுக்கு பிள்ளையின்ர சாமத்திய வீட்டு வீடியோவ கொப்பி பண்ணப் போனா பாதியில நிண்டு ஐஓ எரர் எண்டு வருது, திருப்பிப் போட்டாலும் அதே தான்

வாசன் அண்ணா: அதுக்க இனி ஒண்டும் எழுதாதேங்கோ மாமி. டிக் டிக் எண்டு தட்டுற சத்தம் கேக்குதோ?

சுபா: இல்ல அண்ணா, வழமையா சுத்துற சத்தம் தான்

மாமி: அம்மம்மான்ர படம் முழுக்க அதுக்க தானடா கிடக்கு. 2009ல அல்பம் எல்லாம் போன பிறகு கனடாவில இருந்து பெரியண்ணா ஆக்கள் ஸ்கான் பண்ணி அனுப்பினது, அவையளிட்ட இப்பவும் கிடக்கோ தெரியா

கிளி சித்தப்பா: டிஸ்க்கத் திருத்துற செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் எண்ட கட்டளையக் குடுத்து விடிய விடிய ஓட விடுங்கோ, சரியாகும்

வாசன் அண்ணா: இப்ப வேண்டாம் சித்தப்பா. அது டிஸ்க் முழுக்க வாசிக்கிறதோட திருத்துறன் எண்டு மாத்தியும் எழுதும், டிஸ்க் போற நிலையில இருந்தா மிச்சப் படத்தையும் துலைச்சுப் போடும். முதல் படம் வெளிய வரட்டும்

வாசன் அண்ணா: சுபா, டிஸ்க்கின்ர நிலைமையக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட புறோகிராம இறக்கி 05, சி5, சி7 எண்ட வரியளுக்கு நேர கடைசி நிரல்ல என்ன கிடக்கு எண்டு பார்

சுபா: மஞ்சளா கோஷன் எண்டு நிக்குது. 05 சைபர், சி5 18, சி7 2எஃப்1

வாசன் அண்ணா: அது 16ன்ர அடியில எழுதுற கணக்கு. எங்கட 10ன்ர கணக்கில சி5 24, சி7 753. இப்ப கேளுங்கோ, எழுதேக்க ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கில டேட்டா எழுதுற ஒரு சின்னத் துண்டு, பழுதெண்டா டிஸ்க் தானே மேலதிகமா வச்சிருக்கிற ஸ்பெயார் செக்டருக்கு மாத்தி எழுதிப்போடும், எங்களுக்குத் தெரியவே வராது, அப்பிடி மாத்தினத எண்ணுறது தான் 05. அது சைபர் எண்டா ஸ்பெயார் முடியேல்ல, ஆனா எழுத்து எரர் வருது. அப்ப டேட்டா டிஸ்க்குக்குப் போற வழியிலயே பழுதாகுது, சி7 எண்ணுறதும் அதத் தான். எனக்கு டிஸ்க்குக்கு டேட்டா கொண்டு போற கேபிள்ல தான் சந்தேகம்

கிளி சித்தப்பா: அப்ப சி5?

வாசன் அண்ணா: அது வாசிக்க ஏலாமல் நிக்கிற செக்டர். எழுதிக்கொண்டிருக்கேக்க கறண்ட் போனாலும் அப்பிடி நிக்கும், எங்கட பக்கம் அது நடக்கிறது தானே. டிஸ்க்குக்குள்ள சுத்துற தட்டு தேஞ்சாலும் நிக்கும், உடன சொல்லேலாது

வாசன் அண்ணா: சுபா, கொம்பியூட்டர நிப்பாட்டி கறண்ட் வயரக் கழட்டிப்போட்டு டிவிடிக்குப் போற சாட்டா எண்ட டேட்டா கேபிள டிஸ்க்குக்கு மாத்து. பிறகு படங்கள மட்டும் வேற டிஸ்க்குக்கு எடு. சி7 குறையாது, அது கூடுதோ எண்டு தான் பாக்க வேணும்

*அடுத்த நாள்*

சுபா: அண்ணா படங்கள் வந்திட்டுது!! எரர் ஒண்டும் இல்ல, கொஞ்சப் படத்தில மட்டும் இறுகி நிண்டுது. சி7 அதே 2எஃப்1, ஆனா சி5 20 ஆயிட்டுது

மாமி: கடவுளே

வாசன் அண்ணா: அப்ப கேபிள் தான் எழுத விடேல்ல போல. ஆனா 24 இருந்தது 32 ஆயிட்டுது, புதுசா கூடுறதெண்டா தட்டும் தேயுது போல, அத இனி நம்பேலாது. நிண்ட படங்களுக்கு லினக்ஸ் போட்ட பென் டிரைவ் கொண்டு வாறன், அதில டிடி ரெஸ்கியூ எண்டு ஒரு புறோகிராம், நல்ல இடத்த முதல் எடுத்துப்போட்டு பழுதான இடத்துக்கு பிறகு திரும்பி வரும், இடையில கறண்ட் போனாலும் எதெது எடுத்தாச்சு எண்டு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் இருந்தா விட்ட இடத்தில இருந்து தொடங்கும். அதுவரைக்கும் கொம்பியூட்டர போடாதேங்கோ

கிளி சித்தப்பா: என்னட்ட 1 டிபி சும்மா கிடக்கு, பரந்தன் சந்திக்கு வா தாறன்

வாசன் அண்ணா: ஓம் சித்தப்பா. சுபா, எடுத்த படங்கள வேற கொம்பியூட்டர்ல இருந்து கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க இஞ்ச போடு, கனடா ஆக்களும் இறக்கி வைக்கட்டும்