பாளை வீட்டார் குழு: எட்டாம் வகுப்பில் குடியரசுத் தலைவர் தேர்தல்

செல்வி, இரவு 8:05
பெரியப்பா, அத்தான், மதினி, எல்லாரும் இருக்கீயளா? புதன்கிழமை எட்டாம் வகுப்புல குடியரசுத் தலைவர் தேர்தலை நடத்திக் காட்டணும். 40 பிள்ளைய. கையத் தூக்கி எண்ணுத தேர்தல் வேண்டாம். சீட்டு அடிச்சு, பெட்டி வச்சு, நெஜ முறைப்படியே எண்ணணும். எங்கன சறுக்கும்னு சொல்லுங்க.

பெரியப்பா, இரவு 8:11
ரெண்டு நாளாப் பிரிச்சுக்கோ தாயி. வேட்பாளர்களுக்கு 1, 2, 3-ன்னு எண் போடுத விருப்ப வரிசை ஒரு கணக்கு, ஒரு எம்.எல்.ஏ., எம்.பி. ஓட்டுக்கு எவ்வளவு மதிப்புங்கிற வாக்கு மதிப்பு வேற கணக்கு. ஒரே பீரியடுல ரெண்டையும் சொன்னா, தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டு மதிப்பு 176-ஐயும் ரெண்டாம் விருப்பத்தையும் போட்டுக் குழப்பிக்கிடுங்க. முதல் நாள் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, மதிப்பு 1. வேட்பாளருக்கு ஒரு தட்டு வை. நீக்கப்பட்டவர் தட்டுல இருந்து சீட்டு எப்படி அடுத்தவர் தட்டுக்கு மாறுதுன்னு மட்டும் பாக்கட்டும்.

பெரியப்பா, இரவு 8:12
வேட்பாளரா பிள்ளைகள நிறுத்தாத. முதல்ல நீக்கப்படுத பிள்ள மொகம் வாடிரும். சுற்றுலா போற இடத்த நிறுத்து. மணிமுத்தாறு, அகத்தியர் அருவி, களக்காடு தலையணை, கூந்தன்குளம். நாலு போதும்.

முருகன் அத்தான், இரவு 8:20
சீட்டுல ரெண்டு கட்டம். இடப்பக்கம் பேரு, வலப்பக்கம் விருப்பம் எழுத வெத்துக் கட்டம். சின்னம் கிடையாது. A4 தாள நாலா வெட்டினா 10 தாள்ல 40 சீட்டு. ரெண்டு தாள் கூட வச்சுக்கோ. அசல்ல எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்பு, எம்.பி.க்குப் பச்சை. முதல் நாளைக்கு வெள்ளையே போதும்.

பேனா ஒண்ணே ஒண்ணு, ஊதா மை. மறைப்புக்குள்ள நூல்ல கட்டிப் போடு. தேர்தல் ஆணையமும் தன் பேனாவத்தான் கையில குடுக்கும். ஆளுக்கொரு பேனான்னா மையப் பாத்தே யாரு ஓட்டுன்னு சொல்லிரலாம்.

செல்வி, இரவு 8:22
டிக் போட்டா செல்லாதுதான?

முருகன் அத்தான், இரவு 8:27
செல்லாது. இத பலகையில பெருசா எழுதிப் போடு, அதிகம் போறது இதுலதான். 1-ங்கிற எண் இருக்கணும். "ஒன்று"ன்னு எழுத்தால எழுதினாலும் போச்சு. தமிழ் எண் ௧ போட்டா செல்லும், ரோமன் எண்ணும் செல்லும். ரெண்டு பேருக்கு 1 போட்டா செல்லாது. கையெழுத்து, பூ, பேரு, ஆளக் காட்டிக் குடுக்குத எந்த அடையாளமும் ஆகாது.

2022-ல 4,754 ஓட்டு விழுந்துச்சு, 53 செல்லாதது. போட்டவங்க அத்தனை பேரும் எம்.பி., எம்.எல்.ஏ. பிள்ளைகளுக்கு இதச் சொல்லு, கவனமா எழுதுவாவ.

கோமதி மதினி, இரவு 8:31
ரெண்டு பேருக்கு 2 போட்டிருந்தா? 1 போட்டுட்டு நேரா 3-க்குத் தாவியிருந்தா?

முருகன் அத்தான், இரவு 8:34
சீட்டு செல்லும். 1 எண்ணப்படும். அந்த வேட்பாளர் நீக்கப்பட்டா மட்டும் அதுக்கு மேல நகராது, தீர்ந்துபோன சீட்டுன்னு தனியா வைக்கணும். 1 மட்டும் போட்டதுக்கும் இதே கதிதான். 1 கட்டாயம், மத்தது அவங்கவங்க இஷ்டம். செல்லாத சீட்டும் தீர்ந்துபோன சீட்டும் வேற வேற. ரெண்டுக்கும் தனித்தனித் தட்டு வை, இல்லன்னா கடைசிக் கூட்டல் இடிக்கும்.

கோமதி மதினி, இரவு 8:46
செல்வி, எண்ணுததுக்கு ஒரு மாதிரிக் கணக்கு தாரேன், வீட்டுல ஒரு தடவ சீட்ட நகத்திப் பழகிக்கோ.

40-ல 1 செல்லாதது. மிச்சம் 39. ஜெயிக்க வேண்டியது: 39-ஐ ரெண்டால வகுத்து மீதிய விட்டுட்டு 1 கூட்டு. 20.
முதல் விருப்பம்: மணிமுத்தாறு 15, அகத்தியர் அருவி 12, கூந்தன்குளம் 8, தலையணை 4. யாரும் 20 தொடல.
தலையணை வெளிய. அந்த 4 சீட்டுல 2-ஆம் எண்ணப் பாரு. 3 அருவிக்கு, 1 கூந்தன்குளத்துக்கு. இப்ப 15, 15, 9.
கூந்தன்குளம் வெளிய. 9-ல 6 அருவிக்கு, 1 மணிமுத்தாறுக்கு, 2 தீர்ந்துபோச்சு. அருவி 21, மணிமுத்தாறு 16.

ஒவ்வொரு சுத்துலயும் தட்டெல்லாம் கூட்டினா 39 வரணும். 21+16+2. வரலன்னா அங்கனயே நிறுத்தி எண்ணு.

கோமதி மதினி, இரவு 8:48
சாதாரண தேர்தல்னா 15 வாங்கின மணிமுத்தாறு முதல் சுத்துலயே ஜெயிச்சிருக்கும். பலகையில ரெண்டு முடிவையும் பக்கத்துல பக்கத்துல எழுது. 39-ல 24 பேரு அத முதல்ல கேக்கலங்கிறது அப்பதான் கண்ணுல படும்.

செல்வி, இரவு 8:50
கூந்தன்குளத்துச் சீட்டு 9-ல ஒண்ணு தலையணைல இருந்து வந்தது. அதுல 2-ஐப் பாக்கணுமா, 3-ஐயா?

கோமதி மதினி, இரவு 8:52
3. பொதுவாச் சொன்னா, இன்னும் களத்துல இருக்குத ஆள்ல அடுத்த எண் யாருக்குன்னு பாரு. 2 போட்டது ஏற்கெனவே நீக்கின ஆளுக்குன்னா தாண்டிப் போ. நல்ல எடம் பாத்துக் கேட்ட, முக்காவாசிப் பேரு இங்கனதான் தப்பு விடுவாவ.

பெரியப்பா, இரவு 8:58
கடைசி எடத்துல ரெண்டு பேரு சமமா நின்னா, முதல் விருப்பம் கொறச்சலா வாங்கினவங்கள நீக்கணும். அதுவும் சமம்னா சீட்டுக் குலுக்கல். விதியிலயே இருக்கு.

நெஜ உதாரணம் 1969. நம்ம நாட்டுல ரெண்டாம் விருப்பம் வரைக்கும் போன ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அது. ஜெயிக்கத் தேவை 4,18,169. முதல் எண்ணிக்கையில வி.வி.கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி.தேஷ்முக் 1,12,769. முடிவுல கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேஷ்முக் ஓட்டுல பெரும்பகுதி ரெட்டிக்குத்தான் போச்சு. அப்படியும் கிரி தேவைய எட்டிட்டாரு.

முருகன் அத்தான், இரவு 9:03
இலங்கையில 2024-ல நடந்த ஜனாதிபதி தேர்தலையும் சேத்துக்கோ. அங்கயும் முதல் தடவையா அப்பதான் ரெண்டாம் விருப்பம் எண்ணினாங்க. ஆனா முறை வேற. மூணு விருப்பம் வரைக்கும்தான் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல இல்லன்னா முதல் ரெண்டு பேரத் தவிர அத்தன பேரையும் ஒரே மூச்சுல நீக்கிருவாங்க. ஜெயிச்ச அநுர குமார திசாநாயக்க 56,34,915-ல இருந்து 57,40,179. ரெண்டாவதா வந்த சஜித் பிரேமதாச 43,63,035-ல இருந்து 45,30,902. நம்ம முறையில ஒவ்வொருத்தரா நீக்கணும்.

செல்வி, இரவு 9:05
மெஷின் ஏன் இல்லன்னு கட்டாயம் கேப்பாவ.

முருகன் அத்தான், இரவு 9:06
நம்ம மெஷின் ஒரு ஆளுக்கு ஒரு அமுக்கு. 1, 2, 3-ன்னு வரிசை வாங்காது. அதான் சீட்டு, பெட்டி. அந்தப் பெட்டிக்கு விமானத்துல தனி இருக்கையே போடுவாங்க, அதிகாரி பக்கத்துல உக்காந்து டெல்லிக்குக் கொண்டுபோவாரு.

கோமதி மதினி, இரவு 9:15
ரெண்டாம் நாள் கணக்கு, ஒரு எம்.எல்.ஏ. ஓட்டோட மதிப்பு. மாநிலத்தோட 1971 மக்கள்தொகைய சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால வகு, பெறகு 1000-ஆல வகு. மீதி 500 இல்ல அதுக்கு மேலன்னா 1 கூட்டு.

தமிழ்நாடு 4,11,99,168. 234-ஆல வகுத்தா 1,76,064. மீதி 64. மதிப்பு 176.
கேரளா 2,13,47,375. 140-ஆல வகுத்தா 1,52,481. மீதி 481, மயிரிழையில போச்சு, 152-தான்.
சிக்கிம் 2,09,843. 32-ஆல வகுத்தா 6,557. மீதி 557, அதனால 7.

கேரளாவும் சிக்கிமும் அடுத்தடுத்துப் போடு. 500 விதி ஒட்டிக்கிடும்.

செல்வி, இரவு 9:19
உத்தரப்பிரதேசம் 208-ஐயும் சேத்து நாலு மாநிலம், மாநிலத்துக்கு 8 எம்.எல்.ஏ., மிச்சம் 8 எம்.பி. சரியா வருமா மதினி?

கோமதி மதினி, இரவு 9:24
அதுல ஒரு வில்லங்கம். 176+208+152+7 = 543. எம்.எல்.ஏ. பக்க மொத்த மதிப்ப எம்.பி. எண்ணிக்கையால வகுத்தாத்தான் எம்.பி. மதிப்பு. எட்டுக்கு எட்டுன்னா அதுவும் 543-ன்னே வரும். மக்களவை இடமும் 543. பிள்ளைய ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிடும். மாநிலத்துக்கு 7 வை, எம்.பி. 12. 7×543 = 3,801. 12-ஆல வகுத்தா 316.75, அதாவது 317. எம்.பி. பக்கம் மொத்தம் 3,804. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். அசல் நோக்கமே அதுதான். 2022-ல எம்.எல்.ஏ. பக்கம் 5,43,231, எம்.பி. பக்கம் 776×700 = 5,43,200.

பெரியப்பா, இரவு 9:29
சில கையேட்டுல எம்.பி. மதிப்பு 708-ன்னு இருக்கும். அது 2017 கணக்கு. 2022-ல ஜம்மு காஷ்மீர்ல சட்டமன்றம் இல்ல, அந்த 87 எம்.எல்.ஏ., ஆளுக்கு மதிப்பு 72, 87×72 = 6,264 மொத்தத்துல கழிஞ்சு 700 ஆச்சு. எந்த வருஷம்னு சேத்து எழுதிப் போடு.

நியமன உறுப்பினருக்கு இதுல ஓட்டு இல்ல, மாநிலச் சட்ட மேலவை உறுப்பினருக்கும் இல்ல. குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல்ல நியமன எம்.பி.க்கு உண்டு, எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது. பரீட்சையில மாத்தி எழுதுததே இதத்தான்.

முருகன் அத்தான், இரவு 9:33
ரெண்டாம் நாள் ஒரே பெட்டி வைக்காத. மாநிலத்துக்கு ஒண்ணு, எம்.பி.க்கு ஒண்ணு, அஞ்சு செருப்புப் பெட்டி. மேல மதிப்ப எழுதி ஒட்டு. சீட்டு கலந்துட்டா எது 7, எது 176-ன்னு தெரியாது. சீட்டுக்குப் பின்னாலயும் மாநிலப் பேரு முத்திரை இருக்கட்டும். தட்டு மாறும்போது மதிப்பும் கூடவே போகணும்ல.

செல்வி, இரவு 9:36
28 இளஞ்சிவப்பு, 12 பச்சை. நாளைக்குச் சாயங்காலம் ஜங்ஷன்ல வாங்கிருதேன். மதினி, உங்க வீட்டுல செருப்புப் பெட்டி எத்தன இருக்கு?

கோமதி மதினி, இரவு 9:37
மூணு. மூடில கீறல் ரெண்டு விரல்கடை நீளம் போடு, நாலா மடிச்ச சீட்டு அதுல போகும்.